முட்டை மட்டும் ஏற்றிய வண்டி

என் நாத்தனாரை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவள் ‘அவசரம்’. மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று, பிரசவ அறை வரைக்கும்கூடக் காத்திருக்காமல் படிக்கட்டிலேயே பிறந்தவள். “இதுக்கு என்ன இவ்வளவு அவசரம்?” என்று நர்ஸ் கேட்டாராம். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வளர்ந்த பிறகும் மாறவில்லை. நாம் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். பாதி நேரம் அது வேறு ஏதோ கேள்விக்கான பதிலாக இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை நான் கண் விழித்தபோது, தலையில் ஹெல்மெட்டோடு என் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“அண்ணி, எந்திரிங்க. வண்டி போயிடப்போகுது.”

“எந்த வண்டி?”

“நாம வாங்கப்போற வண்டி!”

“அது நின்ன இடத்துலதானேடி இருக்கும்? பஸ்ஸா அது, போறதுக்கு?”

“வேற யாராவது வாங்கிட்டா?”

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வண்டியைப் பற்றி யோசித்து யோசித்து எனக்கும் ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. 

அவசரம் சிமெண்ட்டில் பூந்தொட்டி செய்கிறாள். பல வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டினவள், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டுக்குப் பின்னால் அச்சு வார்க்க ஆரம்பித்தாள். இடுப்பு உயரத் தொட்டி, தோட்டத்து பெஞ்ச், தூணில் வைக்கிற உருண்டை என்று எல்லாம் செய்வாள். லீவு நாளில் நான் பெயிண்ட் அடித்துக் கொடுப்பேன். செய்வதில் எங்களுக்குக் கஷ்டமே இல்லை. கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் உயிர் போகும். லோடு ஆட்டோவில் ஏற்றினால் பின்பாரம் தாங்காமல் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். போன மாதம் ஒரு வேகத்தடையில் ஆட்டோ அப்படியே குதிரை மாதிரி எழுந்து நின்றுவிட்டது. டிரைவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கினார். இறங்கினதும் எங்கள் இரண்டு பேருக்கும் கையெடுத்துக் கும்பிட்டு, “இனிமே ஆளை விடுங்க தாயே” என்று சொல்லிவிட்டுப் போனவர்தான்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டி முடித்த ஹோட்டலுக்கு வாசலில் இருந்து மொட்டைமாடி வரை எங்கள் தொட்டிதான் வேண்டுமாம். அடுத்த வாரமே இறக்க ஆரம்பிக்க வேண்டும். இனி சொந்த வண்டி இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது. புது வண்டிக்கு எங்கள் கை எட்டாது. பழைய டீசல் பிக்கப் ஒன்று நல்லதாகக் கிடைத்தால் போதும்.

எங்கள் தெரு மெக்கானிக்கை எங்களோடு வரச்சொல்லிக் கேட்டோம். அவர் முதுகு பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார். தலையணைக்குள் இருந்தே சொன்னார்: “எஞ்சின் நல்லா ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. சூடா இருந்தா எந்தக் கிழட்டு டீசலும் கிளம்பிடும். நாங்க வர்றவரைக்கும் சாவியைத் தொடாதீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க.”

மற்றதையெல்லாம் மதியச் சாப்பாட்டு இடைவேளைகளில் வீடியோ பார்த்து நானே கற்றுக்கொண்டேன். நான் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். “எனக்குச் சர்க்கரையெல்லாம் கிடையவே கிடையாது” என்று சத்தியம் செய்கிறவர்களை தினமும் பார்க்கிறவள். யார் என்ன சொன்னாலும், குழாயில் இருப்பதைப் பார்த்த பிறகுதான் நம்புவேன். எங்கள் வீட்டில் அவசரத்துக்குக் கால், எனக்குக் கண். என் கணவர், அதாவது அவளுடைய அண்ணன், கப்பலில் வேலை பார்க்கிறவர். பாதி வருஷம் தண்ணீரில் இருப்பார். ஆகவே நாங்கள் இரண்டு பேர்தான் எல்லாவற்றுக்கும்.

ஸ்கூட்டரில் பறந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். விற்கிறவர் முட்டை மொத்த வியாபாரி. கீழே கிடங்கு, மேலே வீடு. முற்றத்தில் காலி முட்டை அட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. ஒரு ஓரத்தில் கோழித் தீவன மூட்டைகள். நடுவில் அது நின்றது.

வெள்ளை வண்டி. டிரைவர் பக்கத்துக் கதவு மட்டும் நீலம். முன்பக்கம் லேசாக நசுங்கி, குத்துச்சண்டையில் மூக்கு உடைந்தவன் மாதிரி ஒரு பார்வை. அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அகலமாக, தாழ்வாக, ‘எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்று’ என்கிற மாதிரி பின்தளம். அவசரம் என் கையைக் கிள்ளினாள். நன்றாக வலிக்கும்படி.

“அண்ணி, ஒரே நடையில எத்தனை தொட்டி போகும் பாருங்க!”

“மெதுவா பேசு. ஆசையைக் காட்டாத.”

முட்டைக்காரர் வந்தார். வட்டமான முகம், சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். “வாங்கம்மா, வாங்க. தங்கமான வண்டி. இத்தனை வருஷத்துல முட்டையைத் தவிர வேற எதையும் ஏத்தினதில்ல. முட்டை ஏத்தின வண்டியை எப்படி ஓட்டியிருப்பேன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. பள்ளத்தைப் பாத்தா எறங்கி நடந்தே போகலாமான்னு தோணும் எனக்கு.”

அவசரம் கலகலவென்று சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன். வைத்த கையை எடுக்கவில்லை.

“அண்ணே, சுடுதே? சாவியைத் தொடாதீங்கன்னு போன்ல சொன்னேனே?”

“வெயில்ல நிக்குதுல்ல…”

“வெயில் இன்னும் சுவரைத் தாண்டலையே அண்ணே.”

முட்டைக்காரர் அண்ணாந்து பார்த்தார். வெயில் பக்கத்து வீட்டு மாடியோடு நின்றிருந்தது. “காலைல சும்மா ஒருதடவை ஓட விட்டேன். நீங்க வர்ற நேரத்துல மக்கர் பண்ணக்கூடாதேன்னு…”

“சரி, பரவால்ல. ஆறுறவரைக்கும் இருந்து பாத்துக்கறோம்.”

“ஆறுறவரைக்குமா? மத்தியானம் ஆயிடும்மா! அதென்ன காபியா, ஆத்திக் குடிக்கறதுக்கு?”

“காபி சூடா இருந்தாத்தான் ருசி அண்ணே. டீசலு ஆறினாத்தான் நெஜத்தைச் சொல்லும்.”

அவசரம் என்னை ஓரமாக இழுத்தாள். “மத்தியானம் வரைக்குமா? அண்ணி, அதுக்குள்ள வேற யாராவது வந்துடுவாங்க.”

“வரட்டும். அதுவரைக்கும் மத்ததையெல்லாம் பாப்போம். ஏறி உக்காரு.”

ஏறி உட்காரத்தான் முடியவில்லை. நீலக் கதவு திறக்கவே மாட்டேன் என்றது. அவசரம் இழுத்தாள், ஆட்டினாள், கெஞ்சினாள். முட்டைக்காரர் வந்து செய்து காட்டினார்: முழங்காலால் கதவின் அடிப்பக்கம் ஒரு இடி, அதே நொடியில் கைப்பிடியை மேலே தூக்கி இழுக்க வேண்டும். “பழகிட்டா ஈசிம்மா.” பள்ளிக்கூட வேனின் எல்லாக் கதவுகளோடும் மல்லுக்கட்டிப் பழகிய அவசரத்துக்கே அது பல தடவைக்குப் பிறகுதான் பிடிபட்டது. அப்போதும் முழங்கால் சிவந்ததுதான் மிச்சம்.

நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். காலி முட்டை அட்டைகளை விரித்து அதன் மேல் மல்லாந்து படுத்து நகர்ந்தேன். அடியில் படுத்துப் பார்த்தால் வண்டி வேறு ஒரு ஆள். எண்ணெய் கசிந்து மண் அப்பின இடம் எதுவும் இருக்கிறதா, வண்டியின் அடிச்சட்டத்தில் வெல்டிங் தழும்பு உண்டா, துரு மேலோட்டமா இல்லை கொட்டுகிற துருவா என்று சுரண்டிச் சுரண்டிப் பார்த்தேன். சட்டம் உறுதியாக இருந்தது. துரு இருந்தது, ஆனால் சாவியால் குத்தினால் உள்ளே போகவில்லை. சட்டத்தில் அடித்திருந்த எண்ணை நான் வாசிக்க, ஆர்.சி. புத்தகத்திலும் அதேதான் என்று அவசரம் மேலே இருந்து கத்தினாள். எனக்கு உள்ளுக்குள் குதூகலம் கூடிக்கொண்டே போனது.

அப்புறம் பின்சக்கரத்தில் பாரம் தாங்குகிற பட்டை ஸ்பிரிங்குக்கு வந்தேன். இடது பக்கத்தில் மட்டும் பளபளவென்று கறுப்பு பெயிண்ட். மற்ற எல்லாம் புழுதி நிறத்தில் இருக்கும்போது அது மட்டும் பார்ட்டிக்குப் போகிற மாதிரி நின்றது. தொட்டேன். விரலில் ஒட்டியது. ஈரம்.

சாவி முனையால் பெயிண்டைச் சுரண்டினேன். கீழ்ப் பட்டைகளில் ஒன்றில், முடி மாதிரி ஒரு கோடு. சுரண்டச் சுரண்ட அது பட்டையின் அகலம் முழுக்க ஓடியது. விரிசல்.

வெளியே வந்து பின்தளத்தில் ஏறினேன். மேலே ரப்பர் விரிப்பு போட்டிருந்தார். ஒரு மூலையைத் தூக்கினேன். தகரம் முழுக்கக் குழி. கூர்மையான, ஆழமான குழிகள், அங்கங்கே நீளக் கீறல்கள்.

“அண்ணே,” என்றேன், “உங்க கோழி கருங்கல்லா போட்டுச்சு?”

முட்டைக்காரர் வாயைத் திறப்பதற்குள் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் சர்ரென்று வந்து நின்றது. கூலிங்கிளாஸ் போட்ட இளந்தாரி ஒருவன் இறங்கி வேகமாக உள்ளே வந்தான்.

“இதுதானே வண்டி? போன்ல பேசினேன்ல, நான்தான்!” என்றான். எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. “எனக்குப் பிடிச்சிருக்கு. பாக்கவே வேணாம். கையில பணத்தோட வந்திருக்கேன். பேப்பரை எடுங்க.”

அவசரத்தின் முகம் வெளுத்துவிட்டது. ஓடிவந்து என் கைப்பையைப் பிடித்தாள்.

“அண்ணி! அட்வான்ஸைக் குடுங்க அண்ணி! போயிடும் அண்ணி!”

“இருடி.”

“என்ன இருடி? ஸ்பிரிங் என்ன, ஒருநாள் வேலை! ஹோட்டல்காரங்க வேற ஆளைப் பாத்துடுவாங்க. இந்த மாதிரி தளம் வேற எந்த வண்டியில இருக்கு?”

எனக்கும் ஆசை விடவில்லை. பொய் சொல்லவில்லை, பையின் ஜிப்பைப் பாதி திறந்துவிட்டேன். சட்டம் நன்றாக இருக்கிறது, எஞ்சினையும் நம்பிவிடலாம், என்ன இப்போ என்று மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. முட்டைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு, “அவங்க முதல்ல வந்தாங்க தம்பி… ஆனா அவங்களுக்கு எஞ்சின் ஆறணுமாம்…” என்று இழுத்தார்.

“ஆறட்டும், ஆறட்டும். எனக்குச் சூடாவே வேணும்!” என்று சொன்ன கூலிங்கிளாஸ், வண்டியைச் சுற்றி வந்தான். நீலக் கதவின் முன் நின்றான். முழங்காலால் அடியில் ஒரு இடி, கைப்பிடியை மேலே ஒரு தூக்கு. கதவு வெண்ணெய் மாதிரி திறந்தது. ஏறி உட்கார்ந்து, பார்க்காமலேயே சீட்டுக்கு அடியில் கையை விட்டு நெம்புகோலைத் தள்ளிச் சீட்டைப் பின்னால் நகர்த்திக்கொண்டான்.

பை ஜிப்பை மூடினேன்.

“தம்பி,” என்றேன், “இந்த வண்டியை இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?”

“நானா? இப்பத்தான் மொதல் தடவை.”

“கதவு நல்லா தொறக்குதே உங்களுக்கு.”

அவசரம் என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், தன் முழங்காலைத் தடவினாள். அவளுக்குப் புரிந்த அந்த நொடியில், மாடி ஜன்னல் திறந்து ஒரு பெண் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது.

“டேய் தம்பி! எப்படா வந்த? மாமாகூட அங்க என்னடா வெட்டிப் பேச்சு? மேல வந்து சாப்பிட்டுப் போ!”

முட்டைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கூலிங்கிளாஸ், அதாவது அவருடைய மனைவியின் தம்பி, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தலை ஹாரனில் பட்டு அது பாம்ம் என்று அலறியது. ஹாரன் நன்றாக வேலை செய்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அவசரம்தான் முதலில் சிரித்தாள். அட்டை அடுக்கைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் முட்டைக்காரரின் அந்த மச்சானும் தாங்க முடியாமல் சிரித்துவிட்டான். முட்டைக்காரர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மன்னிச்சுக்கோங்கம்மா,” என்றார். “எத்தனையோ பேரு வந்தாங்க. எல்லாரும் நீலக் கதவைப் பாத்துட்டு, யோசிச்சுச் சொல்றேன்னு போனவங்கதான். புது வண்டி வந்து நிக்க இடமில்ல. இவன்தான், மாமா நான் வந்து ஒரு சீன் போடறேன், உடனே முடிஞ்சிடும்னான்.”

“கல்லு யாரு ஏத்தினது?” என்றேன்.

மச்சான் கையைத் தூக்கினான், வகுப்பில் தூக்குகிற மாதிரி. “நான்தாங்க. வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்குக் கருங்கல் ஏத்தி அடிச்சேன். மாமாவுக்கு அப்போ தெரியாது.”

“எனக்குத் தெரியாதா? ஸ்பிரிங் ஒடஞ்ச அன்னிக்கே தெரியும்டா!”

“ஒடஞ்சது தெரிஞ்சும் நேத்து என்னையே பெயிண்ட் அடிக்க வச்சீங்களே மாமா!”

அவர்கள் இருவரும் அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, நான் அவசரத்தைப் பார்த்தேன். “என்னடி, கெளம்பலாமா?”

அவள் சிரிப்பு சட்டென்று நின்றது. வண்டியைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். கடையில் பிடித்த பொம்மையை வைத்துவிட்டு வரும் பிள்ளையின் பார்வை. “அவங்கதான் பொய் சொன்னாங்க அண்ணி,” என்றாள் மெதுவாக. “வண்டி ஒண்ணும் சொல்லலையே.”

அது எனக்கும் நியாயமாகப் பட்டது. கருங்கல் ஏற்றியும் சட்டம் வளையாமல் நிற்கிற வண்டி எங்கள் தொட்டிக்குப் பயப்படுமா? “சரி அண்ணே,” என்றேன், “ஆறட்டும். பாத்துட்டே போறோம்.”

காத்திருந்தோம். முட்டைக்காரரின் மனைவி நடந்ததைக் கேட்டுவிட்டு, கணவரையும் தம்பியையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தார். எங்களுக்கு நாற்காலி போட்டு, டீ கொடுத்து, அவித்த முட்டை கொடுத்து, இன்னும் முட்டை கொடுத்தார். அவசரம் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் போய் பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. கடைசியில் ஒருதரம், “ஜில்லுன்னு இருக்கு!” என்று கத்தினாள்.

பானட்டைத் தூக்கினோம். முதலில் ஆயில் குச்சியை உருவினேன். கறுப்பு. டீசல் எஞ்சினில் கறுப்பாக இருந்தால் பயமில்லை. பால் கலந்த காபி மாதிரி வெளுத்திருந்தால்தான் தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். விரலில் தேய்த்தேன், மோந்தேன். டீசல் நாற்றம் இல்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். தண்ணீர் பச்சையாகத் தெளிவாக இருந்தது, மேலே எண்ணெய்ப் படலம் இல்லை. ‘நோயாளி’ எனக்குப் பிடித்துப்போக ஆரம்பித்தார்.

“ம், போடு,” என்றேன்.

அவசரம் கதவை இடித்து ஏறினாள். சாவியைப் பாதி திருப்பியதும் மீட்டரில் சுருள் மாதிரி ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் உள்ளே சூடேறி அது அணைகிறவரை பொறுக்க வேண்டும். அவசரம் எதற்காகவாவது பொறுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மாடி ஜன்னலில் முட்டைக்காரரின் மனைவி. விளக்கு அணைந்தது.

க்ர்ர்ர்… க்ர்ர்… க்ர்…

இழுவை தளர்ந்துகொண்டே வந்தது. முட்டைக்காரர் உதட்டைக் கடித்தார். “பேட்டரிதாம்மா, பேட்டரி. அதுக்குத்தான் காலையில நான்…”

க்ர்… டொக். டொக்-டொக்-டொக்-டொக்.

பிடித்துக்கொண்டது! நான் பின்னால் ஓடினேன். சைலன்சரில் ஒரு வெள்ளைப் புகை உருண்டு வந்து, முட்டை அட்டைகளின் மேல் கலைந்து, நின்றுவிட்டது. நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. நீலம் வரவே இல்லை. திரும்ப முன்னால் ஓடி, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி, அந்த ஓட்டையின் மேலேயே கவிழ்த்து வைத்தேன். உள்ளே தேய்ந்த எஞ்சினாக இருந்தால் காற்று முட்டி மூடி தட்டில் போட்ட காசு மாதிரி ஆடும், சில நேரம் எகிறி விழும். மூடி லேசாக நடுங்கியது. அவ்வளவுதான். இருந்த இடத்திலேயே இருந்தது.

“ஆடலை!” என்று கத்தினேன். “அவசரம், ஆடலைடி!”

“என்ன ஆடலை?”

“மூடி!”

“ஆடக்கூடாதா, ஆடணுமா?”

“ஆடக்கூடாது!”

“அப்போ நல்லதா?”

“நல்லதுடி!”

மச்சான் கை தட்டினான். எங்கள் பக்கமா அவன் மாமா பக்கமா என்றே தெரியவில்லை.

பாரத்தோடு ஓட்டிப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது என்றேன். தீவன மூட்டைகளை ஏற்றச் சொன்னேன். உடைந்த பட்டையை நினைத்து அளவோடுதான். ஏற்றியது மச்சான். ஏற்றி முடித்ததும் அவசரம் கண்டிப்பான குரலில், “நீங்களும் ஏறுங்க. பாரம் பத்தலை,” என்றாள். ஏறினான். கூலிங்கிளாஸைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்தான். முட்டைக்காரர் முன்னால் எங்கள் இருவருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு வந்தார்.

தெரு முனையில் நிறுத்தி கிளட்ச் பார்த்தோம். ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டாள். எஞ்சின் முனகி, பட்டென்று அணைந்தது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்திருந்தால் கிளட்ச் வழுக்குகிறது, பெரிய செலவு. “செத்துச்சு!” என்று அவசரம் சந்தோஷமாகக் கத்தியதைக் கேட்டு, தெருவில் போன ஒருவர் பயந்து ஒதுங்கினார்.

அப்புறம் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு விட்டோம். ஊரிலேயே செங்குத்தான ரோடு அது. அவசரம் கியரைக் குறைத்து மிதித்தாள். பானட்டுக்குள் இருந்து டர்போவின் விசில் ஒன்று மெல்லியதாகக் கிளம்பி ஏறிக்கொண்டே போனது. கண்ணாடியில் லேசான கறுப்புப் புகை ஒரு வீச்சு தெரிந்து மறைந்தது. வண்டி மூச்சு வாங்கவில்லை. பாரத்தைச் சட்டை செய்யாமல் தோளை முன்னால் தள்ளி ஏறுகிற ஆள் மாதிரி ஏறியது. பின்னால் இருந்து மச்சான், “மெதுவா! மெதுவா!” என்று அலறியது காற்றில் பாதிதான் கேட்டது. நான் சூட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் வந்து நின்றது. மேட்டின் உச்சிக்கு வந்தபோதும் அங்கேயே நின்றது.

உச்சியில் அவசரம் வண்டியை நிறுத்தினாள். கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் இருந்து எடுத்து, வாய்விட்டு ஒரு கூச்சல் போட்டாள். வார்த்தையே இல்லாத கூச்சல். எனக்கும் போட வேண்டும் போலிருந்தது. நடுவில் முட்டைக்காரர் இருந்ததால் அடக்கிக்கொண்டேன். பார்த்தால் அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

“இவ்வளவு தைரியமா நான் இதை ஒருநாளும் ஓட்டினதில்லம்மா,” என்றார். “இது இப்படிப் போகும்னே எனக்குத் தெரியாது.”

இறங்கும்போது ஆள் இல்லாத நேர் ரோட்டில் பிரேக்கை ஒரே மிதி மிதித்துப் பார்த்தாள். வண்டி எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது. மூட்டைகளும் மச்சானும்தான் முன்னால் வந்து எங்கள் முதுகுப் பக்கத்துக் கண்ணாடியில் மோதினார்கள்.

பேரம் நீளவில்லை. பின்பக்க ஸ்பிரிங் இரண்டு பக்கமும் புதுசு, பேட்டரி புதுசு, அது அவர் பொறுப்பு. விலையிலும் இறங்கி வந்தார். ‘சீன்’ போட்டதற்கு அபராதம் என்று அவரே சொல்லிக்கொண்டார். மச்சான் வண்டியை நேராக ஸ்பிரிங் பட்டறைக்குக் கொண்டுபோய், கூடவே நின்று வேலை முடித்து, வெயில் சாய்வதற்குள் கொண்டுவந்தான். முகமெல்லாம் கிரீஸ். ஒவ்வொரு பட்டையாக டார்ச் அடித்துப் பார்த்தேன். “இப்பவும் நம்பலையா?” என்றான் பாவமாக. “உங்களை நம்பறேன் தம்பி. ஸ்பிரிங்கைத்தான் பாக்கறேன்,” என்றேன்.

கையெழுத்துகள் முடிந்ததும் சாவியை முட்டைக்காரர் அவசரத்தின் கையில் வைத்தார். எங்கள் ஸ்கூட்டரை இரண்டு பலகை போட்டுப் பின்தளத்தில் ஏற்றிக் கட்டினோம். அதுதான் முதல் லோடு. வழி நெடுக அவசரம் பாடினாள், எனக்குத் தெரிந்து அவளுக்கு எந்தப் பாட்டும் முழுதாகத் தெரியாது. சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற லோடு ஆட்டோவைப் பார்த்து ஹாரன் அடித்தாள். அது எங்கள் பழைய டிரைவர் இல்லை. இருந்தாலும் அடித்தாள்.

வீட்டு முனையில் திரும்பும்போதே தெருக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அவசரம் வண்டியை வளைத்து எங்கள் கேட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, பிரேக் போட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி, உள்ள விடு.”

“அண்ணி,” என்றாள், “கேட்டைப் பாருங்க.”

பார்த்தேன். தளத்தின் நீளத்தை அளந்திருந்தோம். தொட்டியின் வாயை அளந்திருந்தோம். ஹோட்டல் வாசலைக்கூட அளந்துகொண்டு வந்திருந்தோம். சொந்த வீட்டுக் கேட்டை யாரும் அளக்கவில்லை. வண்டி ஒரு கை அகலம் அதிகம்.

பின்னால் ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. அதன் பின்னால் இன்னொன்று. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவசரம் குதித்து இறங்கி உள்ளே ஓடினாள். திரும்பி வரும்போது தோளில் பெரிய சம்மட்டி.

“என்னடி பண்ணப்போற?”

“தூணை இடிக்கப்போறேன். சிமெண்ட் வேலைதானே, நாளைக்கு நாமே கட்டிக்கலாம். தள்ளுங்க!”

கேட்டின் ஒரு கதவைக் கழற்றி ஓரமாக வைத்தோம். அந்த நேரம் பார்த்து என் கணவர் வீடியோவில் கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் கடல்.

“வண்டி வந்துடுச்சா? எப்படி இருக்கு? காட்டு, காட்டு!”

போனைத் திருப்பினேன். டமால் என்று முதல் அடி விழுந்தது.

“என்ன சத்தம் அது? எஞ்சினா?”

“எஞ்சின் நல்லா இருக்குங்க. இது உங்க தங்கச்சி.”

இன்னொரு அடி. தூண் விரிசல் விட்டுச் சாய்ந்தது. கார்க்காரர் இறங்கி வந்து திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, உடைந்த கற்களைப் பொறுக்கி ஓரமாகப் போட ஆரம்பித்தார். அவசரம் மூச்சிரைக்க என்னிடம் சம்மட்டியை நீட்டினாள். 

“தூணோட இந்த அடித்துண்டு உங்களுக்கு அண்ணி. ஓங்கி ஒண்ணு போடுங்க.”

போனைச் சுவரில் சாய்த்து வைத்தேன், அவருக்கும் தெரியட்டும் என்று. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கினேன்.